பதினேழாம் நம்பர் மரம்

கிளெனிஸ் நோஸ்கே தரையில் குப்புறப் படுத்து, முழங்கை வரை மண்ணுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். காலை ஆறேகால். ஆறரைக்கு அந்த வெள்ளை பிக்கப் வண்டி வந்துவிடும். மூன்று நாளாக மறைந்திருந்து பார்க்கிறாள்; ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆனதில்லை.

விரல் நுனியில் ஏதோ சில்லிட்டது.

கையை வெளியே இழுத்தாள். சேறு.

யாராபின் ஊர்க்காரர்கள் சேற்றைப் பார்த்துப் பதினான்கு மாதமாகிறது. நாலாம் கட்டத் தண்ணீர்க் கட்டுப்பாடு வந்த நாளிலிருந்து வீட்டுப் புல்தரைகளெல்லாம் காய்ந்த பிஸ்கட் மாதிரி காலடியில் நொறுங்குகின்றன. குழாய்த் தண்ணீரை வாசலில் ஒரு கை தெளித்தால்கூடப் பக்கத்து வீட்டுக்காரர் போனை எடுப்பார். அப்படிப்பட்ட ஊரில் சேறு என்றால் அது சாட்சி.

அவள் படுத்திருந்தது ஊருக்குள் நுழையும் நினைவு மரச்சாலையில். முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பாத நாற்பத்திரண்டு பேருக்கு ஆளுக்கொன்றாக நாற்பத்திரண்டு எல்ம் மரங்கள். ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு பித்தளைத் தகடு, ஒரு பெயர். குளித்த தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் வாளியில் சுமந்து வந்து அவரவர் குடும்பத்து மரத்துக்கு அவரவர் ஊற்ற வேண்டும். சட்டம் விட்டுவைத்தது அவ்வளவுதான். ஊற்றியும் என்ன? கோடை முடியும் முன்பே, பிப்ரவரியிலேயே, நாற்பத்தோரு மரங்கள் மஞ்சளாகி இலையைக் கொட்டிவிட்டன.

பதினேழாம் நம்பர் மட்டும் நேற்றுத்தான் மழை பெய்தது போலப் பச்சையாக நின்றது. தகட்டில் ஏ. லிண்ட்னர் என்று இருந்தது. லிண்ட்னர் குடும்பம் ஊரை விட்டுப் போய் அறுபது வருடம். அந்த மரத்துக்கு வாளி தூக்க ஆளே கிடையாது.

அவள் கை நுழைந்த இடம் இன்னும் விசேஷம். காய்ந்த புல்லைச் சதுரமாக வெட்டி மூடி போல வைத்திருந்தார்கள். மூடிக்குக் கீழே மணிக்கட்டுத் தடிமனில் ஒரு குழாயின் வாய். அதுவும் அடிமரத்தில் இல்லை. எட்டடி தள்ளி, கிளை நுனிக்கு நேர் கீழே. மரம் தெரியாதவன் அடியில் ஊற்றுவான். மரத்துக்கு வாய் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன்தான் இங்கே ஊற்றுவான்.

அப்படித் தெரிந்த ஆள் ஊரில் ஒருவர்தான். ஐவர் பாஸ்கோ. அந்த வெள்ளை பிக்கப்பும் அவருடையதுதான். இருபத்தாறு வருடம், புல்லில் பந்துருட்டி விளையாடும் பௌல்ஸ் கிளப்பின் தரையை வெல்வெட் போல வைத்திருந்தவர். போன கோடையில் தண்ணீர் வாரியம் தண்ணீரை நிறுத்தியபோது அந்தப் புல் செத்தது. மறுநாளே வேலையை விட்டார்.

அவர்தான் ஊர்த் தீயணைப்பு லாரியின் டிரைவர். ஊர்க்காரர்களே சம்பளமில்லாமல் நடத்தும் அந்தத் தீயணைப்புப் படையின் கேப்டன் கிளெனிஸ்.

தூரத்தில் இன்ஜின் சத்தம்.

மூடியைப் பொருத்தி, மேலே இலையைத் தூவி, அவள் பள்ளத்துக்குள் உருண்டாள். பிக்கப் வந்து நின்றது. ஐவர் இறங்கினார். அந்த நேரத்திலேயே முப்பத்தோரு டிகிரி. அவர் சட்டைக்கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தான் போட்டிருந்தார். தார்ப்பாயை விலக்கினார். நீலப் பீப்பாய். குழாய். புனல். பத்தே நிமிடம். பிறகு மூடியை வைத்து, மேலே காலால் தட்டி, குதிரையைத் தட்டுவது போல மரத்தை ஒரு தட்டு தட்டிவிட்டுக் கிளம்பினார்.

கிளெனிஸ் விரலில் இருந்த சேற்றை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

கரித்தது.

*

"அந்த நோட்டை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கிறியே டேரில், பிள்ளையா அது? கீழ வெச்சுட்டுச் சொல்லு."

சொன்னவள் ஷர்ல். தபால், பேப்பர், இறைச்சி அடைத்துச் சுட்ட மீட் பை ஆகிய மூன்றையும் ஒரே கவுண்டரில் விற்கிறவள். டேரில் ஹெய்ன் தண்ணீர் வாரியத்தின் ஆய்வாளர். ஊரில் அத்தனை மீட்டரும் அவன் நோட்டில்.

"ரகசியம் ஷர்ல். வெளியே சொல்லக்கூடாது."

"உங்கம்மாகிட்ட சொன்னேல்ல? அவங்க நேத்தே எனக்கு போன் பண்ணிட்டாங்க."

டேரிலின் காது சிவந்தது. கவுண்டர் ஓரம் நின்ற கிளெனிஸ் பக்கம் திரும்பினான். "கேப்டன், உங்க ஆளு விஷயம்தான். ஐவர் வீட்டு மீட்டர் வாரத்துக்கு மூவாயிரம் லிட்டர் ஓடுது. தனி ஆளு. அவரோட புல்தரையைப் போய்ப் பாருங்க, ஒரு சொட்டு விழுந்த அடையாளம் இல்லை. அப்போ அந்தத் தண்ணி எங்க போகுது?"

"மூவாயிரத்துல புருஷன் பொண்டாட்டி பிள்ளைன்னு ஒரு குடும்பமே இருக்கலாமே" என்றாள் ஷர்ல். "யார் கண்டா, இருக்கோ என்னவோ. பின்னறைத் திரை எப்பவும் மூடித்தானே கெடக்கு." கவுண்டர் மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத் தெரியும்டி. கஞ்சா."

"ஷர்ல்."

"சிரிக்காதே. குளிர்காலத்துல மூணு மாசம் அக்கா வீட்டுக்குன்னு பல்லாரட் போனாரு. அதுக்கு முன்னால அப்படி ஒரு அக்காவைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கியா நீ? தொழில் கத்துக்கிட்டு வந்திருக்காரு. வந்ததும் பின்னறையில திரை. மாசம் ஒரு வேன், அதுல பெட்டி பெட்டியா ஏதோ எறங்குது. கரண்ட் பில்லு இங்கதான் கட்டுறாரு, தலை சுத்துது எனக்கு. செவ்வாய், வியாழன், ஞாயிறு மத்தியானம் போன் அடிச்சா எடுக்கறதில்லை. வீட்டுக்குள்ள வெச்சு வளர்க்கிறதுக்குத் தண்ணி எக்கச்சக்கமா வேணும்டி. உப்பு உரம் எல்லாம் கலந்து ஊத்துவாங்களாம்."

உப்பு. கிளெனிஸின் நாக்கில் இன்னும் அந்தக் கரிப்பு இருந்தது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சைரன் ஒலித்தபோது எப்போதும் முதலில் வந்து நிற்கும் ஐவர் இருபது நிமிடம் தாமதமாக வந்தது நினைவுக்கு வந்தது. கேட்டதற்கு, குளித்துக்கொண்டிருந்தேன் என்றார். ஊரே மணல் கடிகாரம் வைத்து நாலு நிமிடம் குளிக்கிறது. இருபது நிமிடம் யார் குளிக்கிறார்கள்?

"நியாயமான காரணம் இருந்தா வாரியத்துக்கு ஒரு படிவம் எழுதிப் போட்டா முடிஞ்சுது" என்றான் டேரில். "நேரா என் மேஜைக்குத்தான் வரும். ஒன்னும் வரலை."

"உன் மேஜைக்கு வந்தா சாயங்காலம் உங்கம்மா காதுக்கு வந்துடும். அதுக்கு எவன் எழுதுவான்?" என்றாள் ஷர்ல்.

டேரில் அதைக் காதில் வாங்காமல் சட்டைப் பையிலிருந்து காசு அளவில் ஒரு பித்தளை வட்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தான். நடுவில் ஊசித் துளை. "இதை மீட்டர்ல வெச்சுட்டா, ஒரு கெட்டில் நிரம்ப ஒரு நிமிஷமாகும். குடிக்க, சமைக்கப் போதும். மத்த எதுக்கும் ஆகாது. எழுத்துல ஒரு புகார் வேணும், கேப்டன். ஒரு கையெழுத்து."

கிளெனிஸ் வட்டைத் தொடவில்லை. புகாரில் கையெழுத்திட்டால் அது தண்ணீர்க் குற்றம். தண்ணீர்க் குற்றம் என்றால் படையிலிருந்து மூன்று மாதம் விலக்கு. சனிக்கிழமை நாற்பத்தைந்து டிகிரி, வடக்கிலிருந்து பலத்த காற்று, காட்டுத்தீ அபாயம் என்று ரேடியோ காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. லாரி ஓட்டும் உரிமம் ஊரில் இரண்டே பேரிடம்: ஐவர், கிளெனிஸ். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தால் பம்பை யார் பார்ப்பது?

"இன்னைக்கு இல்லை" என்றாள்.

*

சாயங்காலம் தீயணைப்புக் கொட்டகையில் ஐவர் லாரியின் விளக்குகளை உலர்ந்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அறுபத்தொரு வயசு. போன வருடத்தை விட இளைத்திருந்தார். வாயில் ஒரு ஐஸ் கட்டியை ஒதுக்கிச் சப்பிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை கிளப்பிலும் இப்போதெல்லாம் அப்படித்தான். ஒரே ஒரு பீரை வாங்கி அது வெந்நீராகும் வரை கையிலேயே வைத்திருக்கிறார்.

"வாழைப்பழ கேக் கொண்டாந்திருக்கேன்" என்றாள் கிளெனிஸ்.

"வெச்சுட்டுப் போ, கேப்டனம்மா."

"போன வாரம் வெச்சதை மாக்பை பறவைக்குப் போட்டே. பார்த்தேன்."

"பறவைக்கும் வயிறுன்னு ஒன்னு இருக்குல்ல." துணியை உதறினார். அவர் கண் அவள் முழங்கையில் போய் நின்றது. காலையில் ஒட்டியதைக் கழுவத் தண்ணீர் செலவழிக்காமல் துணியால் துடைத்திருந்தாள். துடைத்தது போதவில்லை. "மண்ணா அது?"

"மண்ணுதான்."

"காஞ்ச மண்ணு இப்படி ஒட்டாதே."

"ஒட்டாது. பதினேழாம் நம்பர்ல தோண்டினேன்."

ஐவர் ஐஸ் கட்டியைக் கடித்து நொறுக்கும் சத்தம் கேட்டது.

"சரி, மாட்டிக்கிட்டேன். கொட்டகை டேங்க்ல இருந்துதான் எடுத்தேன். சாவிதான் என்கிட்ட இருக்கே. திருட்டுன்னு எழுதிக்கோ."

இவ்வளவு சுலபமாகவா? கிளெனிஸ் இருபது வருடமாக ஐவரை அறிந்தவள். சீட்டாட்டத்தில் தோற்றால்கூட ஒப்புக்கொள்ளாத மனுஷன்.

கொட்டகைக்குப் பின்னால் போய் டேங்கின் மூடியைத் திறந்து அளவுக்கோலை விட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாக்பீஸால் போட்ட கோடு. தண்ணீர் அந்தக் கோட்டிலேயே நின்றது, ஒரு விரல்கூட இறங்கவில்லை. கோலின் நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கூரையில் விழுந்த பழைய மழை. இனித்தது.

திரும்பி வந்தாள்.

"பொய்யைக்கூட ஒழுங்கா சொல்ல வரலையே உனக்கு. டேங்க்ல ஒரு சொட்டு கொறையலை. அதுவுமில்லாம டேங்க் தண்ணி இனிக்குது. உன் மரத்துத் தண்ணி கரிக்குது."

"சேத்தைத் தின்னியா?"

"நக்கிப் பார்த்தேன்."

"காலையில வேற டிபன் கெடைக்கலையா?"

"ஐவர், பேச்சை மாத்தாதே. செய்யாத திருட்டை ஒருத்தன் ஏன் ஒத்துக்கணும்? செஞ்சது அதைவிடப் பெருசா இருந்தாத்தானே?"

அவர் துணியை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார்.

"திருட்டுன்னே எழுதிடு. மூணு மாசம்தானே. மே மாசம் திரும்பி வந்துடுவேன். ஒன்னே ஒன்னு, சனிக்கிழமை மட்டும் விட்டுடு. அன்னைக்கு லாரியை நான் ஓட்டுறேன். அது கழிஞ்சு சாவியை நானே கொண்டு வந்து உன் மேஜையில வெக்கிறேன்."

"பின்னறையில என்ன வெச்சிருக்கே?"

"மடிக்காத துணி."

எட்டாக மடித்த துணியை லாரிப் படியில் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

*

வியாழன் காலை பத்து மணிக்கு கிளெனிஸ் கையெழுத்துப் போட்டாள்.

ராத்திரி முழுக்க யோசித்த பின் அவளுக்குத் தோன்றியது இதுதான்: போலீசுக்கு போன் போனால் ஐவர் ஜெயிலுக்குப் போவார், லாரியை மறந்துவிட வேண்டியதுதான். வட்டு போட்டால் பின்னறையில் வளர்வது எதுவானாலும் ரெண்டு நாளில் வாடிச் செத்துவிடும். யாரும் உள்ளே போக வேண்டாம், எதையும் பார்க்க வேண்டாம். ஐவர் தப்பித்துவிடுவார். விலக்குக் கடிதம் எழுத வேண்டியது கேப்டன்தான்; சனிக்கிழமை கழிந்த பிறகு எழுதிக்கொள்ளலாம். இந்த ஊரில் தண்ணீரை நிறுத்தினால் எதுவும் தானாகச் செத்துவிடும் என்று கோடைக்குக் கோடை பார்த்துப் பழகிய புத்தி அது. அதில் ஒரு தவறும் அவளுக்குப் படவில்லை.

மத்தியானம் இரண்டரை. தெருவுக்கு எதிர்ப்புறம் காருக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். டேரில் கதவைத் தட்டவில்லை. வாசலில் மீட்டர்க் குழியின் மூடியைத் தூக்கினான், குழாயை மூடினான், வட்டைச் செருகினான், திறந்தான். சிவப்பு முத்திரைக் கம்பியை முறுக்கிவிட்டு வேனில் ஏறிப் போனான். ஐந்து நிமிட வேலை.

கிளெனிஸ் காத்திருந்தாள். ஐவர் வெளியே வந்து சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. ஐவரின் புல்தரை கண்ணெதிரே கிடந்தது. ஒரு காலத்தில் ஊரிலேயே சிறந்த புல், இப்போது வெறும் செம்மண். மரத்துக்கு ஊற்றிய தண்ணீரில் ஒரு பீப்பாயை இங்கே ஊற்றியிருந்தால் இது பிழைத்திருக்கும். ஊற்றவில்லை. இங்கே பச்சை தெரிந்தால் ஊர் கேள்வி கேட்கும் என்று இதைச் சாகவிட்டிருக்கிறார். அப்படி எதை மறைக்கிறார்?

அப்போதுதான் சத்தம் கேட்டது.

பீப்... பீப்... பீப்... பின்னறையிலிருந்து.

புகை அலாரம். கேப்டனின் கால்கள் யோசிக்கக் காத்திருக்கவில்லை. தெருவைத் தாண்டி, வீட்டைச் சுற்றி, பின்கதவை அடைந்தபோது மூச்சு வாங்கியது. புகை இல்லை. வாடையும் இல்லை. அலாரம் மட்டும் நிற்காமல் அடித்தது.

"ஐவர்."

"உள்ளே வராதே." குரல் கதவுக்கு மிக அருகில் இல்லை, அறையின் நடுவிலிருந்து, உட்கார்ந்த இடத்திலிருந்து வந்தது. "கிளெனிஸா? மீட்டர்ல யாராவது கை வெச்சாங்களா?"

அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருடக் கணக்காகிறது. எப்போதும் கேப்டனம்மாதான்.

"டேரில் வட்டு போட்டுட்டுப் போனான். கையெழுத்து போட்டது நான்."

உள்ளே நாற்காலி கிரீச்சிட்டது.

"சரி. அப்புறம் சண்டை போடலாம். அந்த வட்டை எடுக்கணும். இப்பவே. நான் எழுந்து வர முடியாது."

"ஏன் முடியாது?"

"கிளெனிஸ், கேள்வி அப்புறம். தண்ணி முதல்ல."

அந்தக் குரலில் கேலி இல்லை. பெரிய தீயில் ரேடியோவில் பேசும் குரல். அந்தக் குரல் சொன்னதைக் கேட்டதால்தான் அவள் இரண்டு தடவை உயிரோடு வீடு திரும்பியிருக்கிறாள்.

ஓடினாள். கார் டிக்கியிலிருந்து ஸ்பானரை எடுத்தாள். மீட்டர்க் குழியின் முன் மண்டியிட்டாள். சிவப்பு முத்திரை. அதை உடைப்பது குற்றம். புகார் கொடுத்தவளே குற்றவாளி ஆவாள். உடைத்தாள். மரையைத் திருகினாள். இரும்பு வெயிலில் கொதித்தது, உள்ளங்கை பொள்ளியது. வட்டை நகத்தால் நெம்பி வெளியே எறிந்தாள். மீண்டும் முறுக்கிக் குழாயைத் திறந்தாள். மீட்டரின் சின்னச் சக்கரம் சுழல ஆரம்பித்தது.

திரும்பி ஓடினாள். பின்கதவில் காதை வைத்தாள். பீப்... பீப்... ஏதோ சொடுக்கும் சத்தம். பிறகு ஒரே சீரான மெல்லிய உறுமல்.

அலாரம் நின்றது.

"இப்ப வா" என்றார் ஐவர். "வந்துதான் தொலையப் போறே."

கதவைத் தள்ளினாள். செடி இல்லை. விளக்கு வரிசை இல்லை. கிளப்பிலிருந்து வந்த பழைய சாய்வு நாற்காலியில் ஐவர் கிடந்தார். குளிர்காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் கண்ணெதிரே அவர் இடது சட்டைக்கை மடிந்திருந்தது. முன்கையில் ஒரு நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. அதிலிருந்து இரண்டு சிவப்புக் குழாய்கள் மார்பளவு உயர இயந்திரம் ஒன்றுக்குள் போய்த் திரும்பின. பக்கத்தில் தரையில் இன்னொரு சின்னப் பெட்டி. ஊர்த் தண்ணீரை வடிகட்டி, இயந்திரத்துக்கு வேண்டியதை மட்டும் அனுப்பிவிட்டு, வேண்டாத உப்புத் தண்ணீரை ஒரு ரப்பர் குழாய் வழியாக ஜன்னலுக்கு வெளியே நீலப் பீப்பாயில் தள்ளிக்கொண்டிருந்தது. சுவரோரம் கூரை வரை பெட்டிகள். எல்லாவற்றிலும் பல்லாரட் ஆஸ்பத்திரி முத்திரை.

மடியில் தீயணைப்புப் படையின் பேஜர். எட்டும் தூரத்தில் ஆணியில் லாரிச் சாவி.

கிளெனிஸ் ஸ்பானரைத் தரையில் வைத்துவிட்டு நாற்காலி அருகே போனாள்.

"எட்டு மாசம்" என்றார் ஐவர். "சாக்கடையில விட மனசு வரலை. வாளி தூக்க ஆளில்லாத மரம் அது ஒன்னுதான்."

"ஒரு படிவம் எழுதியிருந்தா... திருடன்னு பேர் வாங்கிக்கிட்டு... ஏன் ஐவர்?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தார்.

"திருடன்னா மே மாசம் லாரியில ஏறிடலாம், கேப்டனம்மா. ரெண்டு கிட்னியும் போனவனை எந்த மாசம் ஏத்துவே?"